கண்பாவையும் பால்பேதமும்

சித்திரை மாதத்து நடுப்பகலில் திருத்தணி மலையின் முந்நூற்றறுபத்தைந்து படிகளையும் ஏறி, வெயிலில் காய்ந்த கருங்கல்லின் வெப்பம் உள்ளங்காலைச் சுடச்சுடப் பிரகாரத்தைக் கடந்து, சந்நிதிக்கு எதிரே வந்து நிற்கிற பக்தனுக்கு முதற்கணத்தில் தரிசனம் கிடைப்பதில்லை; இருள்தான் கிடைக்கிறது. கர்ப்பக்கிரகத்தில் தீபம் எரிகிறது என்பது தெரியும். தீபத்தைச் சுற்றியுள்ளது என்ன என்பது தெரியாது. சில விநாடிகள் சென்ற பிறகே வெள்ளிக் கவசத்தின் ஒரு விளிம்பும், மாலையின் ஒரு பகுதியும், பின்னர் திருமுகமும் ஒன்றன்பின் ஒன்றாக இருளினின்று வெளிப்படுகின்றன. சென்ற ஆண்டு அவ்வாறு நின்றுகொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாள் தம் கணவரிடம், “ஏங்க, சாமி தெரியுதா?” என்று கேட்டதும், அவர், “இரும்மா, இன்னும் கண்ணு பழகல” என்று சொன்னதும், “எனக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சே” என்று அந்த அம்மாள் மகிழ்ச்சியோடு கூறியதும் என் காதில் விழுந்தன. பெண்ணின் கண் ஆணின் கண்ணைவிட விரைவாக ஒளிக்கும் இருளுக்கும் இசைந்துகொள்கிறதா என்ற கேள்வி அன்று என் மனத்தில் எழுந்தது. அதற்கு விடை தேடப் போய், கேள்வி இருந்த இடத்தைவிட்டு வெகு தூரம் தள்ளி விடை கிடைத்த வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

இந்தக் கேள்வியை எழுப்புவதற்குத் திருத்தணியைக் காட்டிலும் பொருத்தமான ஊர் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், நெடிய எல்லைப் போராட்டத்துக்குப் பின்னர், 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி சென்னை இராஜ்யத்தோடு இணைந்தது. ஆயினும் கடைத்தெருவில் இன்றும் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் மாறிமாறி வருகின்றன. கண்ணின் நடுவே உள்ள அந்தக் கரிய வட்டத்தைத் தமிழர் ‘பாவை’ என்கிறோம். தெலுங்கர் ‘கண்டிபாப’, அதாவது கண்ணின் குழந்தை என்கின்றனர். வடமொழியில் அதற்குக் ‘கனீனிகா’ என்று பெயர். சிறுமி என்பது அச்சொல்லின் பொருள். கடல்கடந்த கிரேக்கர் ‘கோரே’ என்றனர், அதுவும் கன்னிப்பெண்ணே. ரோமர் ‘பூபில்லா’ என்றனர். அதுவும் சின்னஞ்சிறு பெண்பொம்மையே. எதிரே நிற்பவரின் கண்ணை உற்றுநோக்குகிறவனுக்கு, அந்தக் கறுப்பில் தன்னுடைய உருவமே ஒரு பொம்மையளவாகத் தெரிவதனால் உண்டான பெயர்கள் இவை. இத்தனை ஜனசமூகங்கள் அக்கரிய வட்டத்துக்குப் பெண்பாற் பெயரையே சூட்டியிருப்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாகத் தோன்றுகிறது.

பாவை என்பது உண்மையில் ஒரு பொருளே அன்று, ஒரு துவாரம். கதிராளி என்னும் வண்ணத் திரையின் நடுவே அமைந்த அத்துவாரத்தின் அளவைச் சுசுருதர் மைசூர்ப் பருப்பின் ஒரு பிளவுக்கு ஒப்பிட்டார். பிரகாசமான வெயிலில் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டராகச் சுருங்குவதும், இளமைக் கண்ணாயின் இருளில் எட்டு மில்லிமீட்டர் வரையில் விரிவதும் அதன் சுபாவம். விட்டம் நான்கு மடங்காகும்போது பரப்பு பதினாறு மடங்காகிறது. உள்ளே புகும் ஒளியும் பதினாறு மடங்காகிறது. ஆனால் மலைப்படியின் வெயிலுக்கும் கர்ப்பக்கிரகத்து எண்ணெய்த் தீபத்துக்கும் உள்ள வித்தியாசம் பதினாறு மடங்கா? பல்லாயிரம் மடங்கு! எஞ்சியதை விழித்திரை தன் இரசாயன மாற்றங்களினால் நிதானமாக ஈடுசெய்கிறது. அது முற்றுப்பெற அரைமணி நேரமும் ஆகக்கூடும். பாவையோ முதற்காவலன், ஒளி பட்ட ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் சுருங்கத் தொடங்கிவிடுகிறது. சுருங்குவதில் உள்ள வேகம் விரிவதில் இல்லை. ஆகவேதான் வெயிலிலிருந்து இருளுக்குப் போவது, இருளிலிருந்து வெயிலுக்கு வருவதைவிடக் கண்ணுக்குக் கடினமாயிருக்கிறது.

இந்தச் சுருக்கத்தையும் விரிவையும் இரண்டு தசைகள் செய்கின்றன. துவாரத்தைச் சுற்றி மோதிரம்போல் அமைந்த தசை சுருக்குகிறது; சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் அமைந்த தசை விரிக்கிறது. முன்னதை மூளைத்தண்டிலிருந்து மூன்றாம் மூளைநரம்பு வழியாக வரும் துணைப்பரிவு நரம்புகள் ஆளுகின்றன. பின்னதை முதுகுத்தண்டின் மேற்பகுதி வழியாகச் சுற்றிவரும் பரிவு நரம்புகள் ஆளுகின்றன. இது நம் இச்சைக்கு உட்படாத காரியம் என்பதை எடின்பரோவில் இராபர்ட் விட் என்னும் வைத்தியர் 1751ஆம் ஆண்டிலேயே விரித்தெழுதினார். விழித்திரையில் பார்ப்பதற்கென்று அமைந்த கூம்புகளும் கோல்களும் அன்றி, ஒளியின் அளவை மூளைக்குத் தெரிவிப்பதையே பெரும்பணியாகக் கொண்ட வேறொரு வகை உயிரணுவும் உண்டு என்பதும், மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட அவ்வணுக்கள் நீலவொளிக்கு மிகுதியாக இணங்கிப் பாவையை நெடுநேரம் சுருக்கி வைக்கின்றன என்பதும் தெரியவந்தது 2002ஆம் ஆண்டுக்குப் பின்னர்தான். வாசகர் விரும்பினால் இன்று மாலையே ஒரு பரிசோதனை செய்துகொள்ளலாம்: மங்கிய அறையில் கண்ணாடி முன் நின்று, ஒரு டார்ச் லைட்டை வலக்கண்ணுக்கு மட்டும் காட்டினால், வெளிச்சம் படாத இடக்கண்ணின் பாவையும் உடன் சுருங்கும். ஒரு கண்ணில் பட்ட ஒளிக்கு இரு கண்ணும் பதில் சொல்கின்றன.

இனி, ஸ்திரீ புருஷ பேதத்துக்கு வருவோம். 1994இல் பாரி வின் என்பவரும் அவருடைய தோழர்களும், பதினேழு வயது முதல் எண்பத்துமூன்று வயது வரையிலான தொண்ணூற்றொரு பேரின் பாவைகளை வெவ்வேறு பிரகாசங்களில் அளந்து வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் இன்றளவும் எடுத்துக்காட்டப்படுவது. பாவையின் அளவு எதைப் பொறுத்தது? ஆண் பெண் என்பதையா, கிட்டப்பார்வை தூரப்பார்வை என்பதையா, கதிராளியின் நிறத்தையா, வயதையா? முதல் மூன்றுக்கும் பாவையின் அளவோடு சம்பந்தம் காணப்படவில்லை. வயது ஒன்றே அதனைத் தீர்மானித்தது. வயது ஏற ஏறப் பாவை சிறுக்கிறது. முதியவரின் கண் இருளிலும் முழுதாக விரிவதில்லை.  ஆங்காங்கே சில அளவைகளில் சிறு வித்தியாசங்கள் காணப்பட்டதுண்டு. ஆயினும் ஒரே மனிதருடைய பாவை காலையிலும் மாலையிலும், களைப்பிலும் உற்சாகத்திலும் காட்டும் மாறுபாட்டுக்குமுன் அவை மிகவும் சொற்பம்.

ஆகவே சந்நிதியில் அந்த அம்மாளுக்கு முதலில் தெரிந்ததற்குக் காரணம் என்ன? அவர் கணவரைவிட ஏழெட்டு வயது இளையவராகத் தோன்றினார். முந்தானையால் தலையை முக்காடிட்டு வெயிலைத் தடுத்துக்கொண்டும் வந்திருந்தார். வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆயினும் ஆண்பாவை வேறு, பெண்பாவை வேறு என்ற நம்பிக்கை எளிதில் மறைவதாயில்லை; அதற்கு விஞ்ஞானமே ஒரு காலத்தில் துணைநின்றது. 1960இல் சிகாகோ பல்கலைக்கழகத்து எக்கார்ட் ஹெஸ் என்பவரும் ஜேம்ஸ் போல்ட் என்பவரும் வெளியிட்ட சிறு கட்டுரை ஒன்று உலகெங்கும் பேசப்பட்டது. குழந்தையின் படத்தையும் தாயும் சேயுமான படத்தையும் கண்டபோது பெண்களின் பாவையும், பெண்ணுருவப் படத்தைக் கண்டபோது ஆண்களின் பாவையும் விரிந்தன என்பது அதன் சாரம். மனத்தின் ஈடுபாடு பாவையில் தெரியும் என்ற பொதுக்கருத்து பின்வந்த ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டதே. பயம், வலி, மனக்கணக்கு, ஆவல் ஆகிய யாவும் பரிவு நரம்பைத் தூண்டிப் பாவையை விரிக்கின்றன. ஆனால் ஆணுக்கு இன்னது, பெண்ணுக்கு இன்னது என்று ஹெஸ் வகுத்த வகுப்பு அத்தனை உறுதியாக நிற்கவில்லை. அவர் சோதித்தவர்களோ ஒரு கைவிரல்களால் எண்ணி முடிக்கத்தக்கவர்களைவிட ஒருவரே கூடுதல். பாவை நூல் எழுதிப் புகழ்பெற்ற ஐரீன் லோவன்ஃபெல்ட் அம்மையார், படங்களின் வெளிச்ச வேறுபாடே அவ்விளைவைத் தந்திருக்கக்கூடும் என்று வன்மையாக மறுத்தார். ஒரு படத்தின் மூலையில் உள்ள வெண்மை சற்றுக் கூடினாலும் பாவை சுருங்கும். அதனை வெறுப்பு என்று ஏட்டில் எழுதிவிடுவது எத்தனை சுலபம்!

பெண்ணின் பாவை விரிந்திருப்பதே அழகு என்ற எண்ணம் பழமையானது. இத்தாலியப் பெண்கள் அதன்பொருட்டு ஒரு செடியின் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொண்டனர் என்றும், ‘பெல்லடோனா’, அதாவது அழகிய சீமாட்டி, என்ற பெயர் அச்செடிக்கு அதனால் வந்தது என்றும் சொல்வர். அச்செடியின் சத்தான அட்ரோபின் சுருக்கும் தசையைச் செயலிழக்கச் செய்கிறது. எதிர்ப்பில்லாமையால் பாவை அகன்றுவிடுகிறது. அதே குலத்துச் சத்துகள் நம் ஊர் ஊமத்தையிலும் உண்டு. மலையடிவாரத்துக் குப்பைமேடுகளில் வெள்ளைக் குழல்பூவோடு நிற்கும் அந்தச் செடியைப் பிடுங்கிய கையால் கண்ணைக் கசக்கினால், அக்கண்ணின் பாவை மட்டும் விரிந்து, பல மணி நேரம், சில சமயம் நாள்கணக்கிலும் அப்படியே நிற்கும். இதனை நான் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் அழகு அன்று. பாவை விரிவதனால் பார்வையே பறிபோகிற கண்கள் உண்டு. அக்கண்களுக்கு உரியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நான் தேடிய பால்பேதம் அங்கேதான் இருந்தது.

கதிராளிக்குப் பின்னே வில்லை இருக்கிறது. வில்லைக்கும் கதிராளிக்கும் இடையே உள்ள நூலிழைச் சந்தின் வழியாக, பின்னே ஊறுகிற கண்ணீரம் பாவைக்கு வந்து, முன்னறையில் இறங்கி, கதிராளியின் ஓரமும் விழிவெண்படலத்தின் ஓரமும் கூடும் கோணத்தில் உள்ள வடிகால் வழியாக வெளியேறுகிறது. முன்னறையின் ஆழம் பொதுவாக மூன்று மில்லிமீட்டர் அளவு. பெண்ணின் விழிக்கோளம் ஆணின் விழிக்கோளத்தைவிடச் சராசரியாக அரை மில்லிமீட்டர் நீளம் குறைந்தது. முன்னறையும் அதற்கேற்ப ஆழம் குறைந்தது. வில்லையோ ஆயுள் முழுதும் தடித்துக்கொண்டே போவது. ஆகவே ஐம்பதைக் கடந்த பெண்ணின் கண், வீடு சிறியதும் சாமான் பெரியதுமான குடித்தனம்போல் ஆகிவிடுகிறது. மாலைக் கருக்கலில் பாவை பாதியளவு விரியும்போது கதிராளி வில்லையின் மேல் அழுந்தி ஒட்டுகிறது. ஈரம் பின்னே தேங்குகிறது. தேங்கிய ஈரம் கதிராளியின் வேர்ப்பகுதியை முன்னே உந்திக் கோணத்தை அடைக்கிறது. அடைப்பு முழுமையானால் சில மணி நேரத்தில் கண்ணின் அழுத்தம் பல மடங்காகிப் பார்வை நரம்பு நசிகிறது. ‘கோணமடைப்பு கிளாக்கோமா’ என்பது இதுதான். பாவை அளவாகவே விரிந்தது. ஆணின் கண்ணில் எப்படி விரியுமோ அப்படியேதான் விரிந்தது. விரிந்த இடம்தான் வேறு.

ஹாரி குவிக்லி என்னும் அமெரிக்க நிபுணரின் ஆராய்ச்சி இதற்கு மேலும் ஒரு விளக்கம் தருகிறது. கதிராளி ஒரு கடற்பஞ்சு போன்றது. விரியும்போது தன்னுள்ளிருக்கும் நீரை வெளியேற்றி மெலிகிறது. அவ்வாறு போதிய அளவு மெலியாத கதிராளி, சுருட்டிய பாய்போல் கோணத்தின் வாயிலில் குவிந்து அடைப்புக்கு உதவிசெய்கிறது. அவரும் இன்னொருவரும் 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் கோணமடைப்பு கிளாக்கோமா உள்ளவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் பெண்கள்.

இது தூரதேசத்துக் கணக்கு என்று நாம் இருந்துவிட முடியாது. வேலூரில் 1990களில் நடத்தப்பட்ட கண் ஆய்வில், முப்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்டவர்களிடையே இந்நோய் ஆயிரத்துக்கு நாற்பத்துமூன்று பேர் அளவில் காணப்பட்டது. திறந்த கோணத்து கிளாக்கோமாவோ ஆயிரத்துக்கு நான்கே. பின்னர், சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வு, திருத்தணி அடங்கிய இதே திருவள்ளூர் மாவட்டத்திலும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் உள்ள இருபத்தேழு கிராமங்களில் நாற்பது வயதைக் கடந்த ஏறத்தாழ நாலாயிரம் பேரைப் பரிசோதித்தது. நோய் முற்றியவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாக, 0.87 என்ற விகிதத்தில் இருந்தனர். இரண்டு ஆய்வுகளும் நோயை வரையறுத்த விதம் ஒன்றன்று. ஆகவே எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனால் நோய் இன்னும் வராமல், கோணம் மட்டும் குறுகி அபாயத்தின் வாயிலில் நிற்பவர்கள் இந்தக் கிராமங்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் இருந்தனர் என்பதை எந்த வரையறையும் மறைக்காது. நோய் கண்டவர்களில் பெண்களே மிகுதி.

ஆசியாவிலேயே மிகப் பழமையானதாகிய எழும்பூர்க் கண் மருத்துவமனை 1819ஆம் ஆண்டிலிருந்து நமக்கு எண்பது மைல் தூரத்துக்குள் இருந்துவருகிறது. கிளாக்கோமாவுக்காக விழியில் துளையிடும் சத்திரசிகிச்சையை இராபர்ட் ஹென்றி எலியட் 1909இல் அங்கேதான் தொடங்கி உலகப் புகழ் பெற்றார். அத்தனை பெருமை உள்ள இராஜதானியின் நிழலில் இருந்துகொண்டும், இந்த மாவட்டத்துக் கிராமங்களில் கிளாக்கோமா கண்டவர்களில் ஏறத்தாழ எல்லாரும் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தார்கள் என்பது எனக்குப் பொறுக்கமுடியாத செய்தியாக இருக்கிறது.

என் பெரியம்மா மலையடிவாரத்துத் தெருவொன்றில் குடியிருந்தார். ஆடிக் கிருத்திகைக் காவடிகளுக்குச் சரம் தொடுப்பதில் கைதேர்ந்தவர். விளக்கு வைக்கும் நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கிறது என்பார். தெருவிளக்கைச் சுற்றி வானவில்போல் வளையம் தெரிகிறது என்பார். நாங்கள் சுக்கை உரசிப் பற்றுப் போட்டோம். தூங்கி எழுந்தால் வலி போய்விடும். தூக்கத்தில் பாவை சுருங்குவதனால் கோணம் திறந்துகொள்கிறது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. ஒருநாள் இரவு வலியும் வாந்தியும் அடங்கவில்லை. போன இடத்தில் வாந்தியைப் பார்த்து வயிற்றுக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். கண் சிவந்திருந்ததையும், வலப்பாவை பாதி விரிந்தபடியே வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றதையும் ஒருவரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கண் மருத்துவரிடம் சேர்ந்தபோது வலக்கண் போய்விட்டிருந்தது.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அதற்குப் பெரிய யந்திரமும் வேண்டாம். டார்ச் லைட்டை நெற்றிப்பொட்டின் பக்கத்திலிருந்து, கண்ணின் மட்டத்தில் கிடையாகக் காட்டவேண்டும். முன்னறை ஆழமுள்ள கண்ணில் கதிராளி முழுவதும் மூக்குப்பக்கம் வரையில் ஒரே சீராக ஒளிரும். ஆழமற்ற கண்ணில் கதிராளி முன்னே வளைந்து நிற்பதனால், மூக்குப்பக்கத்துப் பாதி பிறைபோல் நிழலில் ஆழ்ந்துவிடும். முடிவான தீர்ப்புக்குக் கோணத்தை நேரே காட்டும் கண்ணாடிவில்லையைக் கண் மருத்துவர் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆயினும் யாரை அவரிடம் அனுப்ப வேண்டும் என்பதைக் கிராமச் செவிலியர் ஒருவர் அரைநிமிஷத்தில் அறியலாம். கண் சிகிச்சை முகாம்களில் பாவையை விரிக்கும் சொட்டுமருந்து விடுவதற்கு முன்னர் இந்த நிழலைப் பார்ப்பது அவசியம். ஜலதோஷத்துக்கும் பிரயாண வாந்திக்கும் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளுக்கும் பாவையை விரிக்கும் குணம் உண்டு. ஐம்பது வயதைக் கடந்த பெண்கள், மாலைத் தலைவலியும் விளக்கைச் சுற்றிய வளையமும் கண்டிருந்தால், கண்ணைக் காட்டாமல் அவற்றை விழுங்கக் கூடாது.

பெரியம்மாவின் இடக்கண்ணில் அந்தப் பிறைநிழல் இருந்தது. மருத்துவர் அன்றே லேசர் கதிரினால் கதிராளியின் மேல்விளிம்பில் கடுகளவும் இல்லாத ஒரு துளையிட்டார். பாவை எப்படி அடைபட்டாலும் ஈரம் முன்னறைக்கு வருவதற்கு அது இன்னொரு வழி. இமை மூடியிருப்பதால் அத்துளை வெளியே தெரியாது. பார்க்கவேண்டும் என்று நான் கேட்டால், திண்ணையில் பூக்கூடையை ஒதுக்கிவைத்துவிட்டு, மேலிமையை விரலால் தூக்கிக் காட்டுவார். டார்ச் லைட்டைச் சாய்த்துப் பிடித்தால் பழுப்புத் திரையின் உச்சியில் ஊசிமுனை போல் ஒரு கறுப்பு தெரியும், அதற்குக் கீழே பாவை வெளிச்சத்துக்குச் சட்டென்று சுருங்கும். “போதும்டா, கண் கூசுது” என்று இமையை விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து சரத்தைத் தொடுப்பார்.